அடைக்கலம் அளித்தார் கடன்

(ஜினாலய மண்டபத்தில் சிராவக சிராவகியர் முன்னிலையில் ஆற்றிய அறவுரையின் எழுத்து வடிவம்)

முக்குடை நீழலில் வீற்றிருந்து மூவுலகிற்கும் அறம் உரைத்தருளிய அருகப் பெருமானின் திருவடிகளை மனம், மொழி, மெய்களால் வணங்கி என் உரையைத் தொடங்குகின்றேன்.



கரும்பலகையின் முன்னே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவள் நான். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு முதற்கண் புகட்டிய பாடம் ஒன்று உண்டு. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும். கண்ணால் காணும் பொருளை முதலில் காட்டிவிட்டுப் பிறகே கருத்தைச் சொல்ல வேண்டும் என்பதே அது. அம்முறைப்படியே நான் கண்ணால் கண்டதை முதலில் கூறிப் பின்னர் ஆகமம் கூறுவதற்கு வருகின்றேன்.

திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், ஏரிக்கரைக்கு அப்பால், சிறிய விலங்குக் காப்பகம் ஒன்று உள்ளது. கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும் அவர்தம் துணைவியாரும் அதை நடத்தி வருகின்றனர். அவர்கள் நம் சமயத்தைச் சார்ந்தவர்கள் அல்லர். ஆயினும் வண்டி மோதிக் கால் ஒடிந்த நாய், கறவை வற்றியதும் சாலையில் விடப்பட்ட பசு, உழைத்து ஓய்ந்த காளை என எது வந்தாலும் மறுக்காமல் ஏற்றுக்கொள்கின்றனர். நான் சென்றிருந்த அன்று மாடுகள் 14, நாய்கள் 19, மூன்று காலால் நொண்டி நடக்கும் கழுதை ஒன்று, ஆக 34 உயிர்கள் அங்கே இருந்தன.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கரையைக் கடந்த பின்னும் நகராமல் நின்று அது பெய்த மழையில் மயிலம், விழுப்புரம், திண்டிவனம் பகுதிகள் யாவும் வெள்ளக்காடாயின. அந்த இரவில் காப்பகத்தின் கூரைத் தகடுகள் பறந்தன. ஆண்டு முழுமைக்கும் சேர்த்து வைத்த வைக்கோற்போர் நனைந்தது. நனைந்த வைக்கோலில் பூஞ்சணம் படரும். அதை மாட்டுக்கு இடலாகாது. சேற்றிலேயே நாட்கணக்கில் நின்றமையால் மாடுகளின் குளம்புகள் புண்ணாயின. பெரியவர் கடன்பட்டு மருந்து வாங்கினார்; கடன்பட்டுக் கூரை போட்டார்; கடன்பட்டே வைக்கோலும் தவிடும் புண்ணாக்கும் வாங்கினார். அன்று தொடங்கிய கடன் இன்றளவும் அடையவில்லை. கடன் தந்த தீவனக் கடைக்காரர் அண்மையில் கைவிரித்துவிட்டார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. அவருக்கும் பிழைப்பு வேண்டும். நான் சென்ற போது பத்து நாளைக்கான வைக்கோல் மட்டுமே கைவசம் இருந்தது.

"ஐயா, இயலாவிட்டால் இவற்றை அவிழ்த்து விட்டுவிடக் கூடாதா?" என்று அறியாமையால் கேட்டேன்.

அவர் ஒரு பசுவின் கழுத்தைத் தடவியபடியே, "அவிழ்த்து விட்டால் இதுங்க எங்கே போகும், டீச்சரம்மா? கயிற்றைக் கட்டினவன் நான்தானே!" என்றார்.

ஆகமம் முழுதும் கற்ற பண்டிதர் ஒருவர் நெடுநேரம் விளக்க வேண்டிய பொருளை அம்முதியவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அது எங்ஙனம் என்பதை இனிக் காண்போம்.

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களில் முதலாவது அஹிம்சாணுவிரதம். இவ்விரதத்திற்கு நேரக்கூடிய குற்றங்கள் ஐந்து என உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் வகுத்துள்ளார். பந்தம் என்பது கட்டி வைத்தல். வதம் என்பது அடித்தல். சேதம் என்பது உறுப்பைச் சிதைத்தல். அதிபாராரோபணம் என்பது தாங்கவொண்ணாச் சுமையை ஏற்றுதல். அன்னபான நிரோதம் என்பது உணவையும் நீரையும் தடுத்தல். இவ்வைந்தையும் மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இவற்றுள் ஒன்றேனும் காட்டில் வேட்டையாடும் வேடனைக் குறித்ததா? இல்லை. ஐந்தும் தொழுவத்தில் மாடு கட்டியிருக்கும் குடும்பத்தாரைக் குறித்தவை. கொலை செய்யோம் என்று விரதம் பூண்ட பின்னரும், நம்மை அண்டி வாழும் வாயில்லா உயிருக்கு நாம் இழைக்கக்கூடிய தீங்குகளையே ஆசாரியர் எண்ணிச் சொன்னார்.

நம் நாட்டுச் சட்டமும் பிற்காலத்தில் இதே இடத்திற்கு வந்து சேர்ந்தது. ருக்மிணிதேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியின் பயனாகப் பின்னர் உருவான 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச்சட்டம் அடித்தல், மிகு சுமை ஏற்றுதல், நகரவொட்டாதபடி குறுகக் கட்டுதல் ஆகியவற்றைக் குற்றம் என்கிறது. அவற்றோடு, உடையவன் தன் விலங்கிற்குப் போதிய உணவும் நீரும் உறைவிடமும் அளிக்காதிருத்தலும் குற்றமே என்கிறது.

ஆக, கயிறு கட்டிய கணமே கடமையும் பிறந்துவிடுகின்றது. வீதியில் கிடந்த உயிரைத் தூக்கி வந்து அடைக்கலம் தந்தவர், அதன் பசிக்கும் பொறுப்பேற்கின்றார். காப்பகத்தில் உள்ள விலங்கு தானே சென்று இரை தேட இயலாது. அங்கே ஒரு வேளை தீவனம் தவறினால் அது அன்னபான நிரோதமாய் முடியும். அப்படியாயின் அக்குற்றம் யாரைச் சாரும்? இரவு பகலாய் உழலும் அம்முதியவரையா? அன்று, அந்த உயிர்களை உண்மையில் யார் அங்கே அனுப்பினார்களோ அவர்களைச் சாரும்.

அவ்வாறு அனுப்பியவர்களுள் நானும் ஒருத்தி என்பதை இச்சபையில் ஒப்புக்கொள்ள விரும்புகின்றேன்.

1991-ஆம் ஆண்டு அது. எங்கள் புகுந்த வீட்டில் மயிலைக் காளை ஒன்று இருந்தது. பதினான்கு ஆண்டுகள் எங்கள் நிலத்தை உழுத காளை. டிராக்டர் வாடகைக்குக் கிடைக்கத் தொடங்கிய பின் ஏருக்கு வேலை குறைந்தது; காளைக்கும் வயதேறிற்று. அவ்வாண்டு என் மகளைக் கல்லூரியில் சேர்க்கப் பணம் தேவைப்பட்டது. தரகர் ஒருவர் வந்தார். துண்டால் கையை மூடிக்கொண்டு விரல் பிடித்து விலை பேசி முடித்தார்கள். உழவுக்கு உதவாத கிழட்டுக் காளையை விலை கொடுத்து வாங்கிச் செல்பவர் எங்கே கொண்டு செல்வார் என்பதை அறியாத குழந்தை அல்லள் நான். அறிந்திருந்தும் அறியாதவள் போல் இருந்துவிட்டேன். கொல்லையிலிருந்து வெளியேறும் போது அது எப்போதும் கழுநீர் குடிக்கும் தொட்டியருகே நின்றது. நான் வைத்தேன், குடித்துவிட்டுச் சென்றது.

மறுநாள் ஆறாம் வகுப்பில் கொல்லாமை குறித்துப் பாடம் நடத்தினேன். எங்கள் தெருவைச் சேர்ந்த மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், உங்க வீட்டு மயிலை எங்கே?" என்று கேட்டாள். "விற்றுவிட்டோம்" என்று கூறிவிட்டுக் கரும்பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதன்பின் எத்தனையோ முறை இம்மண்டபத்தில் அமர்ந்து பிரதிக்கிரமணம் செய்திருக்கின்றேன். செய்த பிழைகளையெல்லாம் சொல்லி வருந்தியிருக்கின்றேன். அந்த ஒன்றை மட்டும் நாவால் உரைத்ததில்லை. இன்று உரைத்துவிட்டேன்.

என் வீட்டில் நடந்தது என் வீட்டில் மட்டும் நடந்ததன்று. நம் குடும்பங்களிற் பெரும்பாலானவை உழவை நம்பி வாழ்ந்தவை, இன்றும் வாழ்பவை. புலால் நம் அடுக்களையில் நுழைந்ததில்லை. ஆனால் நம் கொல்லையிலிருந்து எவை வெளியேறின என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மீந்த சோற்றை நெகிழிப் பையில் முடிந்து தெருவில் எறிகின்றோம். பசித்த பசு சோற்றைப் பையோடு விழுங்குகின்றது. அது செரிக்காமல் வயிற்றில் திரண்டு உருண்டையாகி, கடைசியில் மருத்துவர் வயிற்றைக் கீறி எடுக்க வேண்டியதாகின்றது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிகளைத் தமிழ்நாட்டரசு 2019 சனவரி முதல் தடை செய்தது. நம் கை மட்டும் பழக்கத்தை விடவில்லை. அக்காப்பகத்திலும் அத்தகைய பசு ஒன்று நிற்கின்றது.

இங்கே சிலர் ஓர் ஐயத்தை எழுப்புவர். "அவ்விலங்குகள் தத்தம் வினைப்பயனை நுகர்கின்றன, நாம் ஏன் குறுக்கிட வேண்டும்?" என்பர். வினைக் கோட்பாடு பிறர் துன்பத்தைக் கண்டு வாளாவிருப்பதற்குக் கூறப்பட்டதன்று. நற்காட்சி ஒருவனிடம் உதித்துள்ளது என்பதற்கு அடையாளங்கள் நான்கு: பிரசமம், சம்வேகம், அனுகம்பை, ஆஸ்திக்கியம். இவற்றுள் அனுகம்பை என்பது பிற உயிரின் நடுக்கத்தைக் கண்டு தானும் உடன் நடுங்குதல். அவ்வுயிரின் துன்பம் அதன் வினை. அதைக் கண்டும் இளகாத நெஞ்சம் நமது வினை. நாம் கணக்குப் பார்க்க வேண்டியது இரண்டாவதையே.

வேறு சிலர், "தானம் பெறத் தக்க பாத்திரம் முனிவரும் விரதிகளும் அல்லவா? நாயும் மாடும் பாத்திரமாகுமா?" என்பர். ஜினசேனாசாரியர் ஆதிபுராணத்தில் ஈகையை நால்வகையாகப் பகுத்தார். அவற்றுள் பாத்திரதத்தி தவத்தோர்க்குரியது. தயாதத்தியோ அஞ்சி நிற்கும் எவ்வுயிர்க்கும் உரியது. அதற்குத் தகுதி ஒன்றே: அவ்வுயிர் துன்புறுவது. தீர்த்தங்கரரின் சமவசரணத்தில் பன்னிரண்டு அவைகள் உண்டு. பன்னிரண்டாவது விலங்குகளுக்காக அமைந்தது. பெருமானின் சபையில் இடம் பெற்ற உயிருக்கு நம் நெஞ்சில் இடமில்லை என்பது பொருந்துமா? ஆதிநாதருக்குக் காளையும், வாசுபூஜ்யருக்கு எருமையும், விமலநாதருக்குப் பன்றியும், குந்துநாதருக்கு ஆடும், பார்சுவநாதருக்குப் பாம்பும் இலாஞ்சனங்களாக அமைந்திருப்பதை நாள்தோறும் தரிசிக்கின்றோமே!

இன்னும் ஒரு கேள்வியும் எழலாம். திருத்தக்கதேவரின் சிந்தாமணியில், உணவைத் தீண்டியதற்காக அடிபட்டு உயிர் விடும் நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்காரத்தை ஓதினான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. அங்ஙனம் மந்திரம் ஓதினாலே போதாதோ எனலாம். சீவகன் கண்டபோது அந்நாய் பிழைக்கும் நிலையைக் கடந்திருந்தது. எனவே தன்னால் தரக்கூடியதைத் தந்தான். நம் முன் நிற்பவையோ உயிரோடு இருப்பவை. வைக்கோல் தந்தால் நாளையும் இருப்பவை. பசித்த வாய்க்கு உணவு தரவல்லவன் செவிக்கு மந்திரம் மட்டும் தந்து போதல் சீவகன் காட்டிய வழியாகாது.

இப்பொழுது அடைக்கலம் பற்றிய பழங்கதை ஒன்றைக் கூறுகின்றேன். சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் உணவு, மருந்து, உபகரணம், உறைவிடம் என நால்வகைத் தொண்டினைக் கூறுவார். அந்நூல் வழி நின்றெழுந்த தமிழ்நூலே நம் அருங்கலச்செப்பு. அந்த நால்வகைக்கும் நான்கு எடுத்துக்காட்டுகளையும் ஆசாரியர் தருகின்றார். முதல் மூவர் மாந்தர். உறைவிடம் அளித்தலுக்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு யார் தெரியுமா? ஒரு பன்றி!

உரைகாரர் கூறும் வரலாறு இது. இரு நண்பர் கூடி வழிப்போக்கர்க்கென ஒரு மடம் கட்டினர். ஒருவன் அதில் முனிவர் ஒருவரைத் தங்கச் செய்தான். மற்றவன் அவரை வெளியேற்றிவிட்டு வேறொருவரைக் குடியேற்றினான். இதனால் இருவரும் பொருது மடிந்து, விந்திய மலைக்காட்டில் ஒருவன் பன்றியாகவும் மற்றவன் புலியாகவும் பிறந்தனர். அக்காட்டுக் குகை ஒன்றில் முனிவர்கள் வந்து தங்கினர். அவர்களைக் கண்ட பன்றிக்கு முற்பிறப்பு நினைவு வந்தது. மனித வாடையறிந்து புலி வந்தபோது பன்றி குகை வாயிலில் நின்று தடுத்தது. இரண்டும் போரிட்டு மாண்டன. காக்க நின்ற பன்றி தேவகதி அடைந்தது. கொல்ல வந்த புலி நரகம் புகுந்தது.

முற்பிறப்பில் அவன் மடம் கட்டியதும் நற்செயலே. ஆனால் கட்டியதோடு கடன் முடிந்ததா? அடைக்கலம் புகுந்தோர்க்கு இடர் வந்த நாளில் வாயிலில் போய் நிற்க நேர்ந்தது. உறைவிடம் அளித்தல் ஒருநாட் செயலன்று; இடர் வரும்போதெல்லாம் வாயிலில் நிற்றல் என்பதே இக்கதையின் உட்பொருள் என நான் கருதுகின்றேன். இன்று அக்காப்பகத்தின் வாயிலுக்குப் பசி வந்துள்ளது. நிற்க வேண்டியவர்கள் நாம்.

வடநாட்டு, மேனாட்டு வணிகப் பெருமக்கள் இதனை நன்குணர்ந்திருந்தனர். பம்பாயில் ஆங்கில ஆட்சியினர் தெருநாய்களைக் கொல்லத் தலைப்பட்டபோது 1832-இல் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அதன் பின் 1834-இல் பார்சிப் பெருமகனாராகிய சர் ஜம்சேத்ஜி ஜீஜீபாய் அவர்களும் குசராத்தி வணிகர்களும் கூடி அங்கே பிஞ்சராப்போல் என்னும் விலங்குக் காப்பகத்தை நிறுவினர். அது நெடுநாள் நிலைத்ததன் காரணத்தைக் கவனியுங்கள். வந்து இறங்கும் சரக்கின்மீது வணிகர்கள் தமக்குத் தாமே ஒரு சிறு தொகையை விதித்துக்கொண்டு அதைக் காப்பகத்திற்கு ஒதுக்கினர். வணிகம் நடக்கும் வரை தீவனமும் நடந்தது. சென்னையிலும் 1906-ஆம் ஆண்டு இத்தகைய பிஞ்சராப்போல் ஒன்று தொடங்கப்பெற்றது. தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே திகம்பர ஜைன லால் மந்திரின் வளாகத்தில் பறவைகளுக்கென அறமருத்துவமனை நடைபெறுவதை யாத்திரை சென்றோர் பார்த்திருப்பீர்கள். ஆலயமும் அருளும் அங்கே ஒரே மதிலுக்குள் இருக்கின்றன.

நம்மிடம் இல்லாதது அன்பன்று; தொடர்ச்சி. ஒரு துயரச் செய்தி கேட்டால் உருகி அள்ளித் தருகின்றோம். பிறகு மறந்துவிடுகின்றோம். நானும் முன்பு ஒரு மகாவீர ஜயந்தியன்று அக்காப்பகத்திற்குத் தொகை ஒன்று கொடுத்துவிட்டு, புண்ணியம் தேடிக்கொண்டதாக மகிழ்ந்தேன். அதன்பின் இப்போதுதான் எட்டிப் பார்த்தேன். விலங்கிற்கோ மகாவீர ஜயந்தியன்று மட்டும் பசிப்பதில்லை. அன்றாடம் தரத் தவறியவையெல்லாம் திரண்டு, ஒருநாள் அவசர நிதி என்னும் பெயரில் நம் வாயிலில் வந்து நிற்கின்றன.

ஆகவே இரண்டு கடமைகளை உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலாவது, உடனடிக் கடமை. தீவனக் கடைக் கடனையும் மருந்துக் கடனையும் தீர்க்க வேண்டும். பணமாகத் தர இயன்றவர் பணமாகத் தருக. நிலமுடையோர் வைக்கோலாகத் தருக. மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 6 கிலோ வைக்கோல் எனக் கொண்டால், 14 மாடுகளுக்கு 84 கிலோ. மாதத்திற்கு 2,520 கிலோ. இயந்திர அறுவடைக்குப் பின் வயலிலேயே மட்கவும் எரியவும் விடப்படும் வைக்கோலைக் கட்டாகக் கட்டி அனுப்பினாலே பெரும்பசி தீரும். நாய்களுக்கு அரிசியும் கேழ்வரகும் பாலும் வேண்டும். இல்லத்தரசியர் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் பழைய வழக்கத்தை மீண்டும் கைக்கொள்ளலாம். கை வருந்தி உழைக்க இயன்ற இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்று கொட்டகையின் தரையை மேடாக்கித் தரலாம். அடுத்த மழையில் குளம்புகள் சேற்றில் நிற்காதிருக்க அதுவே மருந்து.

இரண்டாவது, நிலையான கடமை. ஆண்டிற்கு நாட்கள் 365. ஆலயத்தில் ஆண்டுதோறும் ஒருநாள் பூசைக்குக் கட்டளை ஏற்கும் குடும்பங்கள் நம்மிடை எத்தனையோ உள்ளன. அதே போன்று ஒவ்வொரு குடும்பமும் காப்பகத்தின் ஒருநாள் தீவனத்தைக் கட்டளையாக ஏற்கட்டும். பெற்றோர் நினைவு நாளோ, பிள்ளையின் பிறந்த நாளோ, ஏதேனும் ஒன்று. நம் ஊர்கள் பலவும் சேர்ந்தால் 365 குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. அவ்வாறு நிறைந்துவிட்டால் அவசர நிதி கேட்டு என் போன்ற கிழவி இங்கே எழுந்து நிற்க வேண்டியதில்லை.

ஒரு சொல் எச்சரிக்கையாகவும் கூறுகின்றேன். அறத்தின் பெயரால் திரட்டும் பணத்திற்குக் கணக்கு இருத்தல் வேண்டும். ஆலயப் பெரியோர் மூவர் பொறுப்பேற்று, வரவையும் செலவையும் மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கட்டும். கொடுத்தவர் பெயரைக் காட்டிலும் வாங்கிய வைக்கோலின் எடை அதில் தெளிவாக இருக்கட்டும். இயலாதவர்களை யாரும் நெருக்க வேண்டா. மனம் நொந்து தருவது தானமாகாது. அதுபோன்றே, கொடுக்க முன்வருபவரைத் தடுத்துப் பேசுதலும் வேண்டா. பிறர் ஈகையைத் தடுப்பது தானாந்தராய வினையைக் கட்டும் என்பதை அறிவீர்கள்.

தாய்மார்களே! உங்கள் குழந்தைகளை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்லுங்கள். கொல்லாமையைப் புத்தகத்தில் படித்த பிள்ளை தேர்வில் எழுதும். நொண்டிக் கழுதைக்குத் தன் கையால் ஒரு பிடி புல் கொடுத்த பிள்ளை வாழ்நாள் முழுதும் மறவாது. நான் விற்ற மயிலையை மீட்க இனி எனக்கு வழியில்லை. அதன் பெயரால் ஒருநாட் கட்டளையை ஏற்றுள்ளேன். என் ஓய்வூதியத்திலிருந்து அது என் காலம் வரை நடக்கும். என் காலத்திற்குப் பின் நடத்துவதாக என் மகள் வாக்களித்திருக்கின்றாள். எஞ்சிய 364 நாட்களை உங்கள் முன் வைத்து அமர்கின்றேன்.

எல்லா உயிரும் அச்சம் நீங்கி வாழ்க! ஈவோர் நெஞ்சில் அருள் பெருகுக! ஜினதருமம் ஓங்குக!